சீமைக் கிராமத்துப் பெரியவர்கள் சொன்ன சரித்திரம்



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ பூச்சி மருந்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. கடல் தாண்டி இருக்கிற ஒரு கிராமத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சீமை என்று சொன்னாலே நமக்கு லண்டன் பட்டணம், ராஜா ராணி, கப்பல், யந்திரம் இவைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அங்கேயும் மண்ணை உழுது, விதைத்து, அறுத்து வயிறு வளர்த்த ஜனங்கள் உண்டு. அவர்களுடைய கதையை நமக்கு யாரும் அவ்வளவாகச் சொன்னதில்லை. அவர்கள் நாட்டிலேயே கூட வெகுநாள் வரை அதை யாரும் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அந்தக் கதையை ஒருவர் எப்படிக் கேட்டார், கேட்காமல் விட்டிருந்தால் என்னவெல்லாம் போயிருக்கும் என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஊரும் ஆளும்

இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம், கடலை ஒட்டி சஃபோக் என்று ஒரு மாவட்டம். அதில் பிளாக்ஸ்ஹால் ஒரு சின்னக் கிராமம். சுற்றிலும் மணல்சாரி நிலம். புல்லும் முட்புதருமாக ஆடு மேய்க்கத் தோதான பூமி. அங்கிருந்து உள்ளே தள்ளிப் போனால் கனமான களிமண். கோதுமையும் பார்லியும் நன்றாக விளையும்.

1948-ஆம் வருஷம் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓர் ஆசிரியை வந்து சேர்ந்தார். அவருடைய கணவர் பெயர் ஜார்ஜ் யூவர்ட் எவான்ஸ். 1909-இல் தெற்கு வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத்துச் சீமையில் பிறந்தவர். தகப்பனார் மளிகைக் கடைக்காரர். காலேஜ் படிப்பு, வாத்தியார் வேலை, யுத்த காலத்தில் விமானப்படை என்று பல இடம் சுற்றியவர். காது மந்தமாகிக் கொண்டே வந்தது. மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போக, இவர் வீட்டில் நான்கு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார்.

அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் வயதான பண்ணைத் தொழிலாளிகள். ஓய்வு பெற்ற ஓர் ஆட்டிடையர், அவர் மனைவி, உழவுக் குதிரை ஓட்டியவர்கள், கருமான், இப்படிப் பலர். 1880-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். எவான்ஸ் அவர்களிடம் பேச்சுக் கொடுத்தார். பேசப் பேச அவருக்கு ஒரு விஷயம் புரிந்தது. இவர்கள் யந்திரம் வருவதற்கு முந்திய விவசாயத்தைக் கையால் செய்த கடைசித் தலைமுறை. இவர்களுடைய பாட்டன், முப்பாட்டன் செய்தது போலவே இவர்களும் அறுத்தார்கள், உழுதார்கள், ரொட்டி சுட்டார்கள். இவர்களுக்கு அப்புறம் அதைச் செய்யவும் ஆள் இருக்காது, சொல்லவும் ஆள் இருக்காது. காது மந்தமான அந்த மனிதர் அன்று முதல் கேட்க ஆரம்பித்தார்!

ஏட்டில் இருந்ததும் இல்லாததும்

நீங்கள் கேட்கலாம்: "சீமையிலேதான் எல்லாவற்றுக்கும் தஸ்தாவேஜு இருக்குமே, கிழவர்களிடம் போய்க் கேட்பானேன்?" என்று. இருக்கத்தான் செய்தது. 1538-ஆம் வருஷத்திலேயே ஒவ்வொரு சர்ச்சிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். 1836-இல் வந்த ஒரு சட்டத்தை ஒட்டி, ஆயிரக்கணக்கான ஊர்களில் வயல் வயலாக அளந்து வரைபடம் போட்டார்கள். வயலின் பெயர், சொந்தக்காரர், பயிர் செய்பவர், எத்தனை ஏக்கர், எல்லாம் அதில் இருக்கும்.

ஆனால் அந்த வயலை எப்படி உழுதான்? அறுப்புக்குக் கூலி எப்படிப் பேசினான்? தாயில்லாத ஆட்டுக்குட்டியை எப்படிப் பிழைக்க வைத்தான்? இது எதுவும் ஏட்டில் இல்லீங்க. நிலத்துக்குச் சொந்தக்காரன் பெயர் ஏட்டில் இருந்தது. நிலத்தை விளைய வைத்தவன் அறிவு அவன் தலைக்குள்தான் இருந்தது. ஆள் போனால் அதுவும் போச்சு.

ஆட்டுக்குட்டி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். குட்டி போடும் பருவத்தில் இடையர் வீட்டுக்கே வரமாட்டார். சக்கரம் வைத்த மரக்குடிசை ஒன்றை மந்தைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போய்ப் போட்டு, ராவும் பகலும் அதிலேயே கிடப்பார். ஒரு தாய் ஆட்டின் குட்டி செத்துப்போகும். இன்னொரு குட்டிக்குத் தாய் செத்துப்போகும். இரண்டையும் சேர்க்கப் பார்த்தால் தாய் ஆடு முட்டித் தள்ளும், தன் குட்டியின் வாசனை இல்லையே! செத்த குட்டியின் தோலை உரித்து, உயிரோடு இருக்கிற குட்டிக்குச் சட்டை மாதிரி போர்த்திவிடுவார் இடையர். தாய் மோந்து பார்க்கும். தன் குட்டிதான் என்று பால் கொடுக்கும். இரண்டொரு நாள் பழகியதும் தோலை எடுத்துவிடலாம்.

அறுப்புக்கு ஒரு பிரபு

கோதுமை அறுப்புச் சமயம் வந்தால் ஊரே மாறிப்போகும். ஆண்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து தங்களுக்குள் ஒரு தலைவனைப் பொறுக்குவார்கள். அவனுக்கு என்ன பெயர் தெரியுமா? 'லார்ட்', அதாவது பிரபு! அவனுக்கு அடுத்தவனுக்கு 'லேடி', சீமாட்டி என்று பெயர். அவனும் மீசை முளைத்த ஆம்பிளைதான்!

இந்தப் பிரபு பண்ணைக்காரரிடம் போய்ப் பேரம் பேசுவான். இத்தனை ஏக்கர், இத்தனை ஆள், மொத்த அறுப்புக்கும் இவ்வளவு பணம் என்று பேசி முடித்தால் அதுதான் ஒப்பந்தம். பிறகு நீண்ட பிடி போட்ட பெரிய அரிவாளோடு ஆட்கள் வயலில் இறங்குவார்கள். முதலில் பிரபு, அவனுக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் சீமாட்டி, அப்புறம் மற்றவர்கள், படிக்கட்டு மாதிரி வரிசை. பிரபு வீசுகிற வேகம்தான் எல்லோருக்கும் வேகம். அவன் நின்றால்தான் மற்றவர்கள் நிற்கலாம். அந்த ஒரு மாத அறுப்புப் பணம்தான் வருஷத்து வாடகைக்கும், பிள்ளைகளுக்குச் செருப்புக் கடன் அடைப்பதற்கும். வாரக் கூலி வாய்க்கும் வயிற்றுக்கும் சரியாகப் போய்விடும். அதனால் பேரம் பேசத் தெரிந்தவனைப் பிரபுவாக்குவது விளையாட்டு இல்லை. குடும்பங்களின் வருஷத்துக் கணக்கே அவன் வாயில்தான் இருந்தது.

வயலில் நின்ற போலீஸ்காரர்

அறுத்து முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிரைப் பெண்களும் பிள்ளைகளும் பொறுக்கிக்கொள்வது அங்கே பழைய வழக்கம். கட்டுகளையெல்லாம் வண்டியேற்றிய பிறகும் ஒரே ஒரு அடுக்கை மட்டும் வயலில் நிறுத்தி வைத்திருப்பார்கள். அதற்குப் 'போலீஸ்காரர்' என்று பெயர். போலீஸ்காரர் நிற்கும் வரை யாரும் வயலில் கால் வைக்கக் கூடாது. அவரை எடுத்துவிட்டால் இறங்கலாம் என்று அர்த்தம். பல ஊர்களில் இதற்குச் சர்ச் மணியும் அடிப்பார்கள். காலை மணிக்கு முன்னால் யாரும் போகக் கூடாது. சாயங்கால மணிக்கு எல்லோரும் கரையேறிவிட வேண்டும். கைக்குழந்தைக்காரிக்கும் தள்ளாத கிழவிக்கும் பங்கு கிடைக்க வேண்டாமா, அதற்காகத்தான்.

பொறுக்கிய கதிரை அடித்து, மில்லுக்குக் கொடுத்து மாவாக்கினால் ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் குளிர்காலத்தில் பல வாரம் ரொட்டி ஓடும். அதனால்தான் அந்தச் சமயம் பள்ளிக்கூடத்துக்கு அறுப்பு விடுமுறை விட்டார்கள்.

இந்த வழக்கத்துக்கு ஒரு வழக்கும் உண்டு. அதே சஃபோக் மாவட்டத்தில் டிம்வொர்த் என்ற ஊர். 1787-இல் மேரி ஹௌட்டன் என்ற பெண் ஒரு பண்ணையார் வயலில் கதிர் பொறுக்கினாள். பண்ணையார் கோர்ட்டுக்குப் போனார். 1788-இல் தீர்ப்பு வந்தது. நான்கு நீதிபதிகளில் மூன்று பேர், "கதிர் பொறுக்குவது ஏழைகளின் சட்ட உரிமை அல்ல" என்றார்கள். ஒருவர் மட்டும் உரிமை உண்டு என்றார். தலைமுறை தலைமுறையாக எல்லோரும் அறிந்த வழக்கம்தான்; ஆனால் கோர்ட்டில் நிற்கவில்லை.

பொதுமேய்ச்சல் நிலங்களுக்கும் இதே கதிதான். 1604-க்கும் 1914-க்கும் நடுவில் 5,200-க்கு மேற்பட்ட சட்டங்கள் போட்டு 68 லட்சம் ஏக்கரை வேலியடைத்தார்கள். இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம்! பத்திரம் வைத்திருந்தவனுக்குப் பங்கு கிடைத்தது. "எங்கள் அப்பன் காலத்திலிருந்து இங்கேதான் மாடு மேய்க்கிறோம், விறகு பொறுக்குகிறோம்" என்று வாயால் மட்டும் சொல்ல முடிந்தவர்களில் அநேகம் பேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஞாபகத்தில் மட்டும் இருப்பதற்கு என்ன கதி நேரும் என்று பார்த்தீர்களா?

வழக்கில் தோற்றாலும் வழக்கம் உடனே சாகவில்லை. பல ஊர்களில் இன்னும் நூறு வருஷம் கதிர் பொறுக்கினார்கள். சிறுபிள்ளையாக அம்மாவோடு போய்ப் பொறுக்கிய ஞாபகத்தை பிளாக்ஸ்ஹால் முதியவர்கள் எவான்ஸிடம் சொன்னார்கள்.

11 மைல் நடை

அந்த மாவட்டத்துக்கென்றே ஓர் உழவுக் குதிரை இனம் உண்டு. 'சஃபோக் பஞ்ச்' என்று பெயர். செம்பழுப்பு நிறம், கட்டைக்கால், உருண்டு திரண்ட உடம்பு. இன்றைக்கு இருக்கிற இந்த இனக் குதிரைகள் அத்தனையும் 1768-இல் பிறந்த ஒரே ஒரு ஆண் குதிரையின் வழி வந்தவை.

இரண்டு குதிரை பூட்டி ஒரு நாளைக்கு ஓர் ஏக்கர் உழ வேண்டும் என்பது அங்கே கணக்கு. சாலின் அகலம் 9 அங்குலம் என்று வைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க: ஓர் ஏக்கருக்குச் சரியாக 11 மைல் நடை வரும். வயல் கோடியில் திரும்புகிற நடை தனி. அதற்கு முன்னால் விடியற்காலை நாலு, அஞ்சு மணிக்கே எழுந்து குதிரைக்குத் தீனி வைக்க வேண்டும். அவசரப்பட்டுத் தின்றால் குதிரைக்கு உழைக்க முடியாது. குதிரைக்காரர்களுக்குள் வரிசையும் உண்டு. தலைமைக்காரர் ஜோடிதான் முதலில் தொழுவத்தை விட்டுப் புறப்படும். சால் நேராக இல்லாவிட்டால் ஊரெல்லாம் பேச்சாகிவிடும்.

இவர்களிடம் ஒரு ரகசியமும் இருந்தது. ஒரு தேரையைப் பிடித்து எறும்புப் புற்றில் போட்டு, எலும்பு மட்டும் மிஞ்சியதும் ராத்திரியில் ஓடுகிற தண்ணீரில் விடுவார்களாம். எந்த எலும்பு எதிர்த்து மிதக்கிறதோ அதை வைத்திருப்பவன் சொன்னபடி குதிரை கேட்குமாம்! எவான்ஸ் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகவில்லை. மூட நம்பிக்கை என்று தள்ளவும் இல்லை. மெல்ல மெல்ல விசாரித்தார். அப்புறம்தான் உள்விஷயம் வெளியே வந்தது. குதிரைக்கு மோப்ப சக்தி மிக அதிகம். அதற்குப் பிடிக்காத நாற்றத்தைத் தொழுவ வாசலில் தடவிவிட்டால் அடித்தாலும் தாண்டாது. பிடித்த வாசனைத் தைலத்தைக் காட்டினால் பின்னாலேயே வரும். எலும்புக் கதை ஒரு திரை. அதற்குப் பின்னால் இருந்தது அனுபவ ஞானம். இதையெல்லாம் 1960-இல் உழவுக் குதிரைகளைப் பற்றித் தனிப் புத்தகமாகவே எழுதினார்.

அதற்குள் காலம் மாறிவிட்டது. 1917-இலேயே முதல் யுத்தத்துக்காக ஃபோர்ட்சன் டிராக்டர் வந்து இறங்கியது. 1946-இலிருந்து 1956 வரை சின்ன ஃபெர்குசன் டிராக்டரை 5 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். 1966-இல் சஃபோக் பஞ்ச் இனத்தில் பதிவான குட்டிகள் வெறும் 9! குதிரை போனபோது, அதைப் பழக்கிய வித்தையும், கொல்லன் வேலையும், தோல் வேலையும், அவற்றுக்கான வார்த்தைகளும் கூடவே போகத் தொடங்கின.

அந்த வார்த்தைகள் லேசுப்பட்டவை அல்ல. பட்டணத்தார் அவற்றைப் பட்டிக்காட்டுக் கொச்சை என்றார்கள். எவான்ஸ் பழைய நூல்களைப் புரட்டினார். தாமஸ் டஸ்ஸர் என்று ஒருவர் அதே சஃபோக்கில் பயிர் செய்து, 1557-இல் விவசாயக் குறிப்புகளைப் பாட்டாக எழுதியவர். நானூறு வருஷத்துக்கு முந்திய அந்தப் புத்தகத்துச் சொற்கள் கிழவர்கள் வாயில் அப்படியே இருந்தன!

இனிப்பு மட்டும் இல்லை

"அந்தக் காலம் பொற்காலம்" என்று சொல்ல நான் வரவில்லை. அந்தப் பெரியவர்களும் அப்படி மட்டும் சொல்லவில்லை. வீட்டிலேயே பீர் காய்ச்சி, அதில் எடுத்த ஈஸ்ட்டை அக்கம்பக்கத்தார் கொடுத்து வாங்கி, செங்கல் அடுப்பில் சுள்ளி எரித்து, சாம்பலை வழித்தெடுத்துவிட்டு வாரம் ஒரு தரம் ரொட்டி சுட்ட ருசியைச் சொன்னார்கள். அதே வாயால்தான் பட்டினியையும் சொன்னார்கள். சின்ன வயதிலேயே காக்கை ஓட்டவும் வயலில் கல் பொறுக்கவும் போனார்கள். பண்ணை வேலை போனால், பண்ணையார் கொடுத்த வீடும் போகும். அந்த வீட்டில் தொழிலாளிக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது 1976-இல்தான்.

1872-இல் ஜோசப் ஆர்ச் என்ற தொழிலாளி பண்ணையாட்களுக்குச் சங்கம் அமைத்தார். 1874-இல் சஃபோக்கில் எக்ஸ்னிங் என்ற ஊரில் வாரக் கூலி 13 ஷில்லிங்கை 14 ஆக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு ஷில்லிங்! பண்ணையார்கள் ஒன்றுசேர்ந்து, சங்கத்தில் இருப்பவனுக்கு வேலை இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். கிழக்கு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானவர் வேலை இழந்தார்கள். அந்தக் கோடையில் சங்கம் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. தொழிலாளிக்கு ஓட்டு கிடைத்தது 1884-இல். 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் பென்ஷன் வந்தது 1909 ஜனவரி முதல் தேதி. ஏழைகள் விடுதியில் போய்ச் சாக வேண்டுமோ என்ற பயம் அன்றைக்குத்தான் பலருக்குக் கொஞ்சம் குறைந்தது. இந்த வேதனையெல்லாம் தேதியாக ஏட்டில் இருக்கும். எப்படி இருந்தது என்பதைப் பட்டவன்தான் சொல்ல முடியும்.

வளரும் கல்

பெரியவர்கள் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பிளாக்ஸ்ஹாலில் ஒரு பண்ணையில் பெரிய பாறை ஒன்று உண்டு. 5 டன் எடை என்று சொல்லுவாங்க. உழும்போது இரண்டு கைப்பிடி அளவில் கிடைத்த கல்தான் இப்படி வளர்ந்துவிட்டது என்று ஊரில் நம்பினார்கள். கல் வளருமா? வளராது. ஆனால் வருஷா வருஷம் உழும்போதெல்லாம் புதுசு புதுசாகக் கல் மேலே வருவதைப் பார்த்தவனுக்கு, கல் வளர்கிறது என்று தோன்றுவது இயற்கைதானே? அதனால் கேட்டதை எழுத வேண்டும். எழுதியதைப் பள்ளிக்கூடப் பதிவேட்டோடும், பண்ணைக் கணக்கோடும், இன்னும் இரண்டு பேர் சொல்லோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். எவான்ஸ் அப்படித்தான் செய்தார்.

1956-இல் அவருடைய புத்தகம் வெளிவந்தது. புல் அறுத்தவர்களைக் கேளுங்கள் என்று தலைப்புக்கு அர்த்தம். ஒலிப்பதிவுக் கருவியில் குரல்களையும் பிடித்தார். அந்தக் குரல்கள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பேசியவர்கள் போய்விட்டார்கள், 1988-இல் எவான்ஸும் போய்விட்டார். பேச்சு இருக்கிறது.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டும் என்று நினைக்காதீர்கள். 1965-இல் மாதர் சங்கத்தின் பொன்விழாவுக்காக, கிராமத்துப் பெண்கள் தங்கள் ஊரைப் பற்றி ஆளுக்கொரு பக்கமாக எழுதி, படம் ஒட்டி, ஊருக்கொரு புத்தகம் செய்தார்கள். அவற்றில் பல இன்று மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. பால் விலை, கடைச் சாமான், வயல் பெயர் என்று அன்றைக்குச் சாதாரணமாக எழுதியது இன்றைக்குச் சரித்திரம்.

எப்படிக் கேட்பது?

எவான்ஸ் வழியில் நாம் படிக்க வேண்டியதை நாலே வார்த்தையில் சொல்லி முடிக்கிறேன். "உங்கள் சரித்திரத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எந்தப் பெரியவரும் சொல்லமாட்டார். "நமக்கு என்ன சரித்திரம்" என்பார். வேலையைப் பற்றிக் கேளுங்கள். பழைய கருவி ஒன்றைக் கையில் கொடுத்து, இதை எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேளுங்கள், கை ஞாபகம் வைத்திருக்கும். அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். புத்தக பாஷைக்கு மாற்றாதீர்கள். தேதி, இடம், சொன்னவர் பெயர் மூன்றையும் குறியுங்கள். கஷ்டத்தைச் சொன்னால் அதையும் விடாமல் எழுதுங்கள்.

முக்கியமாக, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். பிளாக்ஸ்ஹாலுக்கு எவான்ஸ் பத்து வருஷம் பிந்தி வந்திருந்தால் பாதிப் பேர் இருந்திருக்கமாட்டார்கள். விதை நெல்லைப் பத்திரப்படுத்துகிற நமக்கு, பருவம் தப்பினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.